ஆடையும் முகதாட்சிணியமும்

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில் ஒரு சிறு காட்சியை நம்முன் வைக்கிறார். சபை கூடியிருக்கிறது. இருவர் உள்ளே வருகின்றனர். ஒருவர் விரலில் பொன் மோதிரம் மின்னுகிறது; உடையும் பளபளக்கிறது. மற்றவர் அழுக்கேறிய உடையோடு நிற்கிறார். முன்னவருக்கு நல்ல இருக்கை காட்டப்படுகிறது. பின்னவரோ நிற்கும்படியாகவோ, காலடியில் தரையில் அமரும்படியாகவோ ஏவப்படுகிறார். இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் யார், எதற்காக வந்தனர் என்று எவரும் வினவவில்லை. துணியே அவர்களுக்காகப் பேசி முடித்துவிட்டது.

மோதிரம் அணிந்தவரைக் குறிக்க யாக்கோபு ஆளும் கிரேக்கச் சொல்லைப் ‘பொன்விரலன்’ என்றே தமிழாக்கலாம். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அச்சொல் வருவதில்லை. ஆள் மறைந்து விரல் மட்டும் தெரியும் நிலையை அது நன்கு புலப்படுத்துகிறது. இவ்வாறு நடத்துவதற்கு அவர் இடும் பெயரோ ‘முகத்தை ஏற்றுக்கொள்ளுதல்’ என்னும் பொருளுடையது. இதன் வேர் எபிரேய வழக்கில் உள்ளது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு உபாகமத்தில் இதே கருத்துக்கு ‘முகதாட்சிணியம்’ என்னும் சொல்லை வழங்கியிருப்பது மிகப் பொருத்தம். யாக்கோபு பளபளப்பான உடையைக் கண்டிக்கவில்லை, அழுக்கைப் புகழவுமில்லை. இருக்கை காட்டியவர்களையே அவர் நோக்குகிறார்.

இதை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆயினும் நான் அதே பிழையைச் செய்த ஒரு காலையை இங்கு மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்துவந்தேன். பட்டுக் கரை வேட்டியும் சலவைச் சட்டையும் அணிந்த ஒருவர் குருமனைக்கு வந்தார். நானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். சற்று நேரத்தில் வாசற்படி அருகே மற்றொருவர் வந்து நின்றார். செங்கற்சூளையில் வேலை செய்பவர். வேட்டி முழுவதும் செந்தூசி. காத்திருக்கும்படி கையசைத்துவிட்டு முன்னவரோடு பேச்சைத் தொடர்ந்தேன். அரைமணி நேரத்துக்குப் பின்னர்தான் அவர் ஒரு காப்பீட்டு முகவர் என்பதும், என் பெயரில் ஒரு பாலிசி எடுக்கச் செய்வதே அவர் நோக்கம் என்பதும் தெரிந்தன. வாசலில் நின்றவரோ அன்று விடியற்காலையில் தம் தாயை இழந்தவர்.

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று நம் மக்கள் சொல்வதுண்டு. நன்றாக உடுத்து, மதிக்கப்படுவாய் என்னும் அறிவுரை அதற்குள் அடங்கியிருக்கிறது. அதில் உண்மையே இல்லை என்று கூறிவிட முடியாது. 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி இதை விரைவில் கண்டுகொண்டார். அவருக்கு முன்பே அங்கு ஊழியம் செய்துவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்பவரை ஊரார் பரங்கி என்றே எண்ணி விலகி நின்றனர். தெ நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார், மரக்கட்டைக் காலணி அணிந்தார், புலாலை விட்டார். கற்றவர்கள் அவரோடு உரையாட வந்தனர். ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. உயர்குலத்தாரிடம் மதிப்புப் பெற்ற துறவி ஒடுக்கப்பட்டோர் தெருவுக்குள் வெளிப்படையாகச் செல்ல இயலாது போயிற்று. பிற்காலத்தில் அவர்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் வேறொரு வகைக் குருமார் ஏற்பட வேண்டியிருந்தது. நிற்க. தெ நொபிலி தம் உடையைத் தாமே தேர்ந்துகொண்டார். அவரைத் தடுப்பார் ஊரில் இல்லை. உரோமையில் எழுந்த விவாதம் வேறு கதை.

தேர்ந்துகொள்ளும் உரிமையே இல்லாதவர் நன்றாக உடுத்தினால் என்ன நேரும்? இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கியிருந்த தென் திருவிதாங்கூரின் வரலாறு இதற்கு விடை தருகிறது. அங்கே நாடார் முதலிய சமூகத்தார், ஆணாயினும் பெண்ணாயினும், இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது என்பது வழக்கம். குடை பிடித்தலும், காலணி அணிதலும், பொன் நகை பூணுதலும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லுதலும்கூட அவர்களுக்கு விலக்கு. மேலுடல் திறந்திருத்தல் உயர்ந்தோர்முன் காட்ட வேண்டிய வணக்கமாகக் கருதப்பட்டது. ஆக, அங்கே துணி உடலை மறைக்கும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. இன்னார் இன்னாருக்குக் கீழ் என்பதைத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் பலகையாகவும் இருந்தது.

கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டை அணிய அனுமதி கிடைத்தது. இலண்டன் மிஷன் ஊழியரின் மனைவியர் அதைத் தைக்கக் கற்பித்தனர். மிஷனெரிமாரைப் பொறுத்தவரை இது நாணத்தைக் காக்கும் காரியம். அத்தோடு வேலை முடிந்தது. பெண்களோ அங்கு நின்றுவிடவில்லை. குப்பாயத்தின்மேல் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலையும் இட்டனர். அவர்கள் கேட்டது நாணத்தை மட்டுமன்று, மானத்தையும் என்பது என் கருத்து. போதகம் செய்தவர்களைக் காட்டிலும் கேட்டவர்கள் நற்செய்தியை ஆழமாகப் புரிந்துகொண்டனர் என்றும் கூறத் துணிவேன்.

விளைவு என்ன? 1822 முதல் சந்தைகளிலும் பொது வழிகளிலும் அவர்களுடைய மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1829-ஆம் ஆண்டு அரசாணை, குப்பாயத்தை விட்டுவைத்துத் தோள்சீலையைத் தடுத்தது. 1858-இலும் 1859-இலும் கலகம் மீண்டும் வெடித்தது. ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரவெலியன் வற்புறுத்தியபின், 1859 ஜூலை 26-இல் மகாராஜா உத்திரம் திருநாள் மேலாடைக்கு அனுமதி அளித்தார். அந்த அறிவிப்பிலும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தலாகாது.

கலகம் செய்தோர் அந்தத் துணியில் அழகையோ அவலட்சணத்தையோ காணவில்லை. தங்களுக்குரிய ஒன்று களவாடப்பட்டதாகவே கண்டனர். நல்லுடை மதிப்பைத் தேடித்தரும் என்பது, அதை உடுத்தலாம் என்று பார்ப்பவர் முன்னரே இசைந்திருக்கும்போதுதான் பலிக்கிறது. காந்தியடிகள் 1893-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்புச் சீட்டோடு இருந்தும் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார். மேல்நாட்டு உடை அவரைக் காக்கவில்லை. 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931-இல் அதே கோலத்தில் பக்கிங்காம் அரண்மனைக்குள் சென்றார். ஆனால் அரண்மனை வரவேற்றது காந்தியை, அரையாடையையன்று. அண்ணல் அம்பேத்கரோ இதற்கு நேர்மாறாகக் கோட்டும் சூட்டும் அணிந்தார். மகர் சமூகத்தில் பிறந்த ஒருவருக்கு அரையாடை துறவாகாது. பிறர் தம்மீது சுமத்தியதை ஏற்றுக்கொள்வதாகவே முடியும். இருவர் கண்டதும் ஒரே உண்மைதான் என எண்ணுகிறேன்.

இங்கு யாக்கோபின் சொல் ஒன்றுக்குத் திரும்புவோம். ‘பளபளப்பான உடை’ என்பதற்கு அவர் வழங்கும் அதே கிரேக்கத் தொடரை லூக்கா, ஏரோதின் அரண்மனைக் காட்சியில் வழங்குகிறார். ஏரோதும் போர்ச்சேவகரும் இயேசுவை இகழ்ந்து, அத்தகைய உடையை உடுத்திப் பிலாத்துவினிடம் திருப்பி அனுப்புகின்றனர். ஓரிடத்தில் நல்ல இருக்கையைப் பெற்றுத்தரும் உடை இன்னோரிடத்தில் ஏளனமாகிறது. துணி மாறவில்லை, கண்தான் மாறியிருக்கிறது.

அன்று காலை, தாயை இழந்த அந்த மனிதரோடு உடனே புறப்பட்டேன். அங்கி அணிந்தே சென்றேன். பேருந்துக்காகத் தேநீர்க் கடை முன் நின்றோம். பெஞ்சில் இருந்த இருவர் என்னைக் கண்டதும் எழுந்து, ‘ஐயா, உக்காருங்க’ என்றனர். அவர் நின்றுகொண்டிருந்தார், அவரிடம் எவரும் எதுவும் கூறவில்லை. நான் சற்று நகர்ந்து அருகில் அமரும்படி கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு, வேட்டியிலிருந்த செந்தூசி என் வெள்ளை அங்கியில் படாதபடி அதைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தார்.