பூனைக்காலியும் வைத்தியரின் குளிசையும்

கொழும்புத்துறையில் எங்கள் அயலில் இருக்கும் அங்கிள் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். மூன்று வருடங்களுக்கு முன், வலை பின்னும் அவருடைய வலக்கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கத் தொடங்கியது. "வயசு போனால் அப்பிடித்தான்" என்றார்கள். பிறகு நடை தளர்ந்தது. கையெழுத்தும் வரவரப் பொடியானது. நரம்பியல் வைத்திய நிபுணர் அவரை நடக்கவிட்டு, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தட்டச்சொல்லிப் பார்த்து, பார்க்கின்சன் நோய் என்றார். வழமையான இரத்தப் பரிசோதனையில் இது பிடிபடாது. அசைவை வாசிக்கப் பழகிய கண் வேண்டும்.

மூளையின் ஆழத்தில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள கலங்கள் சுரக்கும் டொபமைன் குறையும்போதுதான் அசைவு மந்தமாகிறது. டொபமைனையே விழுங்கினால் அது மூளைக்குள் புகாது. லெவோடொபா புகுந்து, அங்கே டொபமைனாக மாறும். அங்கிளின் குளிசை அதுதான்.

போன வருடம் அவர் குளிசையை நிறுத்திவிட்டு, யாரோ கொடுத்த பூனைக்காலி விதைத்தூளைக் குடிக்கத் தொடங்கினார். அன்ரி உம்மாவிடம் வந்து அழுதார். மூடநம்பிக்கை என்று நிரூபிக்கத்தான் நான் தேடினேன். கடைசியில் வெட்கப்பட்டது நான்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் இராமசுவாமியும் 1937 இலேயே அந்த விதையிலிருந்து லெவோடொபாவைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்! வியன்னாவில் நோயாளிகளுக்கு அதை ஊசியாக ஏற்றியது 1961 இல்தான். அமெரிக்காவில் பணியாற்றிய பாலா மன்யம் என்ற அசைவுக் கோளாறு நிபுணர், ஆயுர்வேதம் கூறும் கம்பவாதத்தை இந்நோயுடன் ஒப்பிட்டு 1990 இல் எழுதினார். விதையிலிருந்து தயாரித்த மருந்தை 60 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்த அவரது குழுவின் ஆய்வு 1995 இல் வெளியானது. பலன் தெரிந்தது.

ஆனால் அங்கே அளந்து கொடுத்தார்கள். வீட்டுத் தூளில் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மூளையை அடையுமுன் மருந்து வீணாகாமல் காக்கும் கார்பிடொபா குளிசையில் சேர்ந்திருக்கிறது, விதையில் இல்லை. குளிசையைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். இதை அன்ரியிடம் சொன்னேன். மறுநாளே அங்கிளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

வைத்தியர் ஏசவில்லையாம். "முந்திக் குளிசையை எப்ப போட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். மீன்கறியும் சோறும் சாப்பிட்ட கையோடு! உணவிலுள்ள புரதம் லெவோடொபாவுடன் போட்டியிட்டு அதைத் தாமதப்படுத்தும். மீனை விடவேண்டாம், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திக் குளிசையைப் போடுங்கள் என்றாராம்.

இப்போது மத்தியானத்தில் அங்கிளின் போன் அலாரம் எங்கள் குசினிவரை கேட்கிறது. உம்மா லுஹருக்கு ஆயத்தமாகும் நேரமும் அதுதான்.