கேள்விக்குறிக் காய்ச்சல்

தடுப்பூசி தயாராக இருக்கிறது. அதைப் பற்றிய விவரம்தான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை.

1935. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். கடும் தலைவலி, உடல்வலி, வியர்வை. தெரிந்த நோய் எதனோடும் ஒத்துப்போகவில்லை. விசாரித்த டாக்டர் எட்வர்ட் டெரிக், விடை கிடைக்காத அந்த நோய்க்கு 'க்யூ' காய்ச்சல் என்று பெயர் வைத்தார். கேள்வி என்று பொருள்படும் 'க்வெரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது.

விடை சீக்கிரமே கிடைத்தது. காக்ஸியெல்லா பர்னெட்டி என்ற பாக்டீரியாதான் குற்றவாளி. நோயுற்ற ஆடு மாடுகள் குட்டி, கன்று ஈனும்போது நஞ்சுக்கொடியோடும் பனிக்குட நீரோடும் ஏராளமாக வெளியேறும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். புழுதியோடு பறந்து மூச்சில் நுழையும். தொற்றியவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அறிகுறியே தெரியாது. சிலரை மாதக்கணக்கில் சோர்வு முடக்கிப்போடும். இதய வால்வு பழுதானவர்களுக்கோ உயிருக்கே ஆபத்து.

ஆஸ்திரேலியாவில் 1989-இல் தடுப்பூசி வந்தது. ஒரே ஊசி போதும். ஆனால் அதில் ஒரு சிக்கல். ஏற்கெனவே தொற்று வந்தவருக்கோ, ஊசி போட்டுக்கொண்டவருக்கோ மறுபடி போட்டால் கடும் எதிர்விளைவு ஏற்படலாம். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, தோல் பரிசோதனை. 7 நாள் கழித்து முடிவைப் பார்த்த பிறகே ஊசி. நகரத்துக்கு வெகுதூரத்தில் ஆட்டு ரோமம் கத்தரிப்பவருக்கு இது இரண்டு நாள் கூலி இழப்பு.

2001-இல் அரசு ஒரு தேசியத் திட்டம் தொடங்கி, இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் இலவசமாக ஊசி போட்டது. நோய் கணிசமாகக் குறைந்தது. 2006-க்குள் திட்டம் முடிந்துபோனது. எஞ்சி நின்று பயன்தருவது ஒரு பதிவேடு. யாருக்கு ஊசி போட்டாயிற்று, யாருக்குப் போடக் கூடாது என்று அதில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வேலை மாறிப் போகும் தொழிலாளிக்கு மருந்தைப் போலவே இந்தத் தகவலும் காப்பு.

தகவல் மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. அங்கே 2007 முதல் 2010 வரை 4,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து கிருமி பரவியது. எந்தப் பண்ணையில் நோய் என்பது மட்டும் அக்கம்பக்கத்தாருக்கு நீண்ட நாள் சொல்லப்படவில்லை. 2009 டிசம்பரில் அரசு சினை ஆடுகளைக் கொல்ல உத்தரவிட்டது. 50,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன. 2011-இல் ஆஸ்திரேலிய ஊசி வரவழைக்கப்பட்டு, இதய நோயாளிகள் போன்றோருக்குப் போடப்பட்டது. பலருக்கு அது காலங்கடந்த உதவி. மக்களுக்கு உரிய நேரத்தில் விவரம் சொல்லாமல் விட்டதற்காக அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று 2012-இல் அந்நாட்டுக் குறைகேட்பு அதிகாரி சொன்னார்.

இந்தியாவிலும் கால்நடைகளிடமும் மனிதர்களிடமும் இந்தத் தொற்றின் தடயம் கண்டறியப்பட்டிருக்கிறது. தடுப்பூசி இங்கே கிடைப்பதில்லை. ஆகவே விஷயம் தெரிந்திருப்பதே முதல் பாதுகாப்பு. பிரசவம் பார்க்கும்போது கையுறையும் முகமூடியும் அணிவது, நஞ்சுக்கொடியை ஆழக் குழிதோண்டிப் புதைப்பது, பாலைக் காய்ச்சிக் குடிப்பது என எல்லாமே செலவு குறைந்த காரியங்கள். நோய் பிடிபட்டுவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரை கேட்கும்.

பிடிபடுவதுதான் கஷ்டம். மலேரியா இல்லை, டைஃபாய்டு இல்லை என்று முடிவு வந்த பிறகும் காய்ச்சல் விடாதவரிடம், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால், ஆடு மாடுகளோடு பழகுபவர் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது.