ஓசோனைக் காக்க வந்த கரைப்பான் கருவறையை எட்டியது எப்படி?

தென்கொரியாவின் யாங்சான் நகரில் மின்னணுக் கருவிகளுக்கான சிறு சுவிட்சுகளைத் தயாரித்துவந்த ஒரு தொழிற்சாலையில், 1995-ல் இளம்பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. எல்லோரும் ஒரே பிரிவில் வேலைபார்த்தவர்கள். மருத்துவர்கள் பரிசோதித்தபோது, அந்தப் பிரிவின் 25 பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சினைப்பை செயலிழந்திருந்தது தெரியவந்தது. மாதவிடாய் முற்றும் வயதில் உயர வேண்டிய எஃப்எஸ்எச் ஹார்மோன் அவர்களுக்கு அப்போதே உயர்ந்திருந்தது. உடன் வேலைபார்த்த 8 ஆண்களில் 6 பேருக்கு விந்தணுவே இல்லை, அல்லது அதன் எண்ணிக்கையோ இயக்கமோ குறைந்திருந்தது. சிலருக்கு இரத்த அணுக்களும் சரிந்திருந்தன.

அவர்கள் எல்லோரும் கையாண்டது, சுவிட்சு பாகங்களை முக்கிக் கழுவும் ஒரு கரைப்பான். அதில் ஏறத்தாழ முழுவதும் இருந்தது 2-புரோமோபுரோப்பேன் என்ற நிறமற்ற திரவம்.

இது அந்தத் தொழிற்சாலைக்கு வந்த காரணம் நல்ல காரணம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க மின்னணுத் தொழில் அதுவரை சிஎஃப்சி-113 என்ற கரைப்பானை நம்பியிருந்தது. அது ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை அதைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. உலகம் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் அது ஒன்று. ஆனால் அந்தக் கரைப்பானுக்கு விடைகொடுத்த ஆலைகள், விரைவில் உலரும், படிவு விடாத இன்னொன்றை அவசரமாகத் தேடின. 2-புரோமோபுரோப்பேனிடம் இந்தக் குணங்கள் இருந்தன. அது கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் என்ன செய்யும் என்று சொல்ல ஆய்வுகள்தான் அநேகமாக இல்லை. தகவல் இல்லாததையே பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டதால் அந்தத் தொழிலாளர்களின் உடலே ஆய்வுக்களம் ஆனது.

பிறகு வந்த புலனாய்வாளர்கள், வேலை நடந்த விதத்தை மறுபடி நிகழ்த்திக் காற்றை அளந்தார்கள். சுற்றுப்புறக் காற்றில் சராசரியாக சுமார் 12 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 12 பங்கு, இருந்தது. மூடியைத் திறந்து தொட்டிக்குள் குனியும்போதோ அது ஆயிரக்கணக்கில் ஏறியது. சராசரியைக் காட்டி ‘அளவு குறைவுதான்’ என்று சொல்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: வேலை செய்பவரின் மூக்குக்கு அருகில் எவ்வளவு?

விலங்குச் சோதனைகள் கொரியாவில் கண்டதை உறுதிப்படுத்தின. 2-புரோமோபுரோப்பேன், ஆண் எலிகளில் விந்தணு உருவாகும் தொடக்கநிலை செல்களையே அழித்தது. பெண் எலிகளில் சினைப்பையில் உறங்கிக்கிடக்கும் ஆரம்ப முட்டைகளைக் கொன்றது. ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகளின் மொத்த இருப்பும் தீர்மானமாகிவிடுகிறது. அந்த இருப்பில் விழும் ஓட்டையை உடல் பிறகு அடைக்க முடியாது. மாதவிடாய் நின்ற பிறகே வெளியில் தெரியவரும் சேதம், உள்ளே வெகுநாள் முன்பே நடந்துமுடிந்திருக்கும்.

அடுத்த மாற்றாக 1-புரோமோபுரோப்பேன் பரவியது. இரண்டிலும் அதே மூன்று கார்பன், ஏழு ஹைட்ரஜன், ஒரு புரோமின். ஒன்றில் புரோமின் நடுக் கார்பனில் ஒட்டியிருக்கிறது, மற்றதில் ஓரத்தில். இந்தச் சிறு இடமாற்றம் நச்சைக் குறைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அது உலோகங்களின் பிசுக்கு நீக்கத்துக்கும் மின்னணுப் பாகங்களைத் துடைக்கவும் போனது. சோஃபா மெத்தைகளை ஒட்டும் தெளிப்புப் பசையிலும் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் சில உலர்சலவை நிலையங்கள்கூட அதற்கு மாறின.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் காகு இச்சிஹாராவும் உடன் ஆய்வாளர்களும் இதை ஆண் எலிகளுக்கு 12 வாரம் சுவாசிக்கக் கொடுத்தார்கள். 2000-ல் வெளியான முடிவுகளில், அதிக அளவைச் சுவாசித்த எலிகளின் பின்னங்கால்கள் தளர்ந்துபோயிருந்தன. விந்தணுக்களின் எண்ணிக்கையும் இயக்கமும் குறைந்திருந்தன. ஆனால் சேதம் விழுந்த இடம் வேறு. 2-புரோமோபுரோப்பேன் விந்தணுவின் விதையை அழித்தது என்றால், இது முதிர்ந்த விந்தணு விரையின் திசுவிலிருந்து விடுபட்டு வெளியேறும் கடைசிக் கட்டத்தைத் தடுத்தது. பெண் எலிகளில் வளர்ந்துவரும் சினைக்குமிழ்கள் குறைந்து, இனப்பெருக்கச் சுழற்சி குலைந்தது. ஒரு சேர்மத்தின் நெருங்கிய உறவுச் சேர்மத்தைப் பார்த்து, ‘இதுவும் அப்படித்தான்’ என்றோ ‘இது அப்படியில்லை’ என்றோ ஊகிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஒரு கரைப்பான் பிள்ளைப்பேற்றுக்கு ஆபத்தா என்பதை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் இதற்கென்றே 1998-ல் ஒரு மையத்தைத் தொடங்கியது. அதன் வல்லுநர் குழு இரு புரோமோபுரோப்பேன்களையும் பரிசீலித்தது. 1-புரோமோபுரோப்பேன் பற்றிய அறிக்கை 2003-ல் வெளியானது.

அந்தக் குழு இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டது. இந்தப் பொருளால் தீங்கு செய்ய முடியுமா என்பது முதல் கேள்வி. மக்கள் உண்மையில் சுவாசிக்கும் அளவில் அந்தத் தீங்கு நேருமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த தகவல் போதவில்லை. எலிகளிடமிருந்து கிடைத்தது போதுமானதாக இருந்தது. குறிப்பாக, இரண்டு தலைமுறை எலிகளை 100 முதல் 750 பிபிஎம் வரை சுவாசிக்கவைத்த ஆய்வு ஒன்று முக்கியமானது. 500 பிபிஎம்மில் கருத்தரிப்பு குறைந்தது, ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை சுருங்கியது. 750-ல் குட்டியே பிறக்கவில்லை. தாய் எலி நலமாகத் தெரியும் நிலையிலும் ஈற்றின் எண்ணிக்கை சுருங்கலாம் என்பதால்தான், இனப்பெருக்க ஆய்வுகளில் குட்டிகளை எண்ணுவதற்கு இவ்வளவு மதிப்பு.

இரண்டாவது கேள்விக்கு, பணியிடங்களில் அளந்த அளவுகளைக் குழு எடுத்துக்கொண்டது. மையத்தின் தீர்ப்பு ஐந்து படிகளில் அமையும்: பொருட்படுத்தத் தேவையில்லாத கவலை, மிகக் குறைந்த கவலை, ஓரளவு கவலை, கவலை, கடுமையான கவலை. 18 முதல் 381 பிபிஎம் வரை சுவாசித்த தொழிலாளர்களைப் பொறுத்தவரை, 1-புரோமோபுரோப்பேன் பெற்றது உச்சப் படியான ‘கடுமையான கவலை’. 0.04 முதல் 0.63 பிபிஎம் வரை சுவாசித்தவர்களுக்கு ‘மிகக் குறைந்த கவலை’. வேதிப்பொருள் ஒன்றே, தீர்ப்பு இரண்டு. மெத்தைப் பசையைத் தெளிக்கும் மேசைக்கும் மூடிய இயந்திரத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் அந்த வேறுபாடு.

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது ஆய்வாளர்கள் இடைவெளி விட்டுக் கணக்குப் போடுகிறார்கள். எலியைவிட மனிதர் கூடுதலாகப் பாதிக்கப்படலாம் என்பதற்கு ஒரு பத்து. மனிதருக்குள்ளேயே சிலர் மற்றவர்களைவிட எளிதில் பாதிக்கப்படலாம் என்பதற்கு இன்னொரு பத்து. இரண்டையும் பெருக்கினால் நூறு. எலியில் தீங்கு தலைகாட்டத் தொடங்கும் அளவுக்கும் தொழிலாளி சுவாசிக்கும் அளவுக்கும் நூறு மடங்கு இடைவெளியாவது வேண்டும் என்பது பொதுவான விதி. எலியில் 50 பிபிஎம்மில் தீங்கு தொடங்குவதாக வைத்துக்கொண்டால், பட்டறைக் காற்றில் அரை பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. மெத்தைப் பட்டறைகளில் அளந்த காற்று இந்தக் கணக்கில் பல இடங்களில் நூறு மடங்குக்கும் மேல் மீறியிருந்தது.

காலத்தின் கணக்கு இதைவிட நுட்பமானது. கல்லீரலையோ நரம்பையோ தாக்கும் கரைப்பான்களுக்குப் பொதுவாக மாதக் கணக்கான, ஆண்டுக் கணக்கான சராசரியைப் பார்ப்பார்கள். கருவுக்கு அது போதாது. கருவின் உறுப்புகளுக்கு அடித்தளம் அமைவது கருத்தரித்த மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில். அந்தக் காலத்தின் முதல் பகுதியில் தான் கர்ப்பமாக இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. ஆகவே, ஒரே ஒரு நாளின் அதிக சுவாசிப்பும் கருவைப் பாதிக்கலாம் என்று கொண்டே கருவளர்ச்சி ஆபத்தைக் கணிக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 1-புரோமோபுரோப்பேனைக் குறுகிய கால அளவிலும் மதிப்பிட்டது. ஆணின் கதை வேறு. ஒரு விந்தணு முழுமையாக உருவாக இரண்டரை மாதம் அளவுக்கு ஆகும். இன்று பாதிக்கப்பட்டால் அது பரிசோதனையில் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். விந்தணுவின் தாய் செல்கள் பிழைத்திருந்தால் மீள வாய்ப்பு உண்டு, அவை அழிந்துவிட்டால் கடினம்.

இந்த அறிவெல்லாம் கையில் இருந்தும் விதிகள் நகர்ந்த வேகம் என்னை வேதனைப்படுத்துகிறது. 2003-ல் அந்தச் சுற்றுச்சூழல் முகமை, 1-புரோமோபுரோப்பேனுக்குப் பணியிடத்தில் ஏற்கத்தக்க அளவாக 25 பிபிஎம் என்று முன்மொழிந்தது. ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழில்நல வல்லுநர் அமைப்பு, 2005-ல் 10 பிபிஎம் என்றது. 2014-ல் அதையே 0.1 ஆக, நூறில் ஒரு பங்காகக் குறைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் 9 பிபிஎம் காற்றைச் சுவாசித்தவரிடம், ‘நீங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள்’ என்று சொல்லியிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலைக்குப் பிறகு சிறப்பு அனுமதியின்றி இதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அமெரிக்கா 2022-ல் இதைக் காற்றின் நச்சுகள் பட்டியலில் சேர்த்தது. 1990-ல் அந்தப் பட்டியல் உருவானதிலிருந்து புதிதாகச் சேர்ந்த முதல் பொருள் இதுதான்.

ஆபத்து தெரிந்தபின் சில நிறுவனங்கள் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு: பெண்களை அந்தப் பிரிவிலிருந்து விலக்கிவிடுவது. அமெரிக்காவில் ஈய பேட்டரி தயாரித்த ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனம், கருத்தரிக்க வாய்ப்பில்லை என்று மருத்துவச் சான்று காட்டாத பெண்களுக்கு ஈயம் புழங்கும் வேலைகளை மறுத்தது. 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நீதிக்கு அப்பால், அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. பெண்களை மட்டும் வெளியேற்றியிருந்தால், யாங்சானின் அந்த ஆறு ஆண்களுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்திருக்கும்? சுத்தப்படுத்த வேண்டியது காற்றைத்தான்: மூடிய இயந்திரம், ஆவியை ஊற்றிடத்திலேயே உறிஞ்சும் குழாய், முடிந்த இடத்தில் நீர் சார்ந்த கழுவு முறை.

கரைப்பானோடு வேலை செய்கிறவர், ஒவ்வொரு வேதிப்பொருளோடும் வரவேண்டிய பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதன் 2-வது பிரிவில் எச்360 என்ற குறியீடு இருந்தால், அது கருவுறும் திறனையோ கருவிலுள்ள சிசுவையோ பாதிக்கலாம் என்று பொருள். எச்361 என்றால் அப்படிச் சந்தேகிக்கப்படுகிறது. எச்362 தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கான எச்சரிக்கை. 11-வது பிரிவில் ‘இனப்பெருக்க நச்சுத்தன்மை’ என்ற வரிக்கு எதிரே ‘தரவு இல்லை’ என்றிருந்தால், அதைச் சோதித்துப் பார்க்கவில்லை என்றே படிக்க வேண்டும். காகித முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. சாதாரண ரப்பர் கையுறைகளையும் புரோமோபுரோப்பேன் ஊடுருவிவிடும். எந்தக் கையுறை தாங்கும் என்பதை 8-வது பிரிவு சொல்ல வேண்டும். பழைய கரைப்பானுக்குப் பதில் புதியது வந்திருப்பதாக மேலாளர் சொல்லும் நாளில், புதியதன் தாளைக் கேட்டு வாங்கி அதே பிரிவுகளை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.