சைக்கிள் சக்கரத்தின் மெல்லிய கம்பி நம் எடையைத் தாங்குவது எப்படி?

வண்டிச் சக்கரத்தின் மர ஆரம் தூண்போல் நின்று எடையைத் தாங்கும். 1808-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி, பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டுமென்று யோசித்தார். மர ஆரமே வேண்டாம், இறுக்கிக் கட்டிய கயிறு போதும் என்று குறிப்பேட்டில் எழுதினார். 1869-இல் பாரிஸில் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

அழுத்தினால் வளையும் கம்பி எப்படித் தாங்கும்?

சக்கரம் கோக்கும்போதே எல்லாக் கம்பிகளையும் முறுக்கி இறுக்கிவிடுகிறார்கள். நாம் ஏறி உட்கார்ந்ததும் தரைப்பக்கக் கம்பிகளின் இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது, முழுதாகப் போவதில்லை. அதனால் எந்தக் கம்பியும் அழுத்தத்துக்கு உள்ளாகி வளைவதில்லை. சோதித்துப் பாருங்கள்: அடிக்கம்பியை விரலால் மீட்டுங்கள். ஒருவர் ஏறி அமர்ந்தபின் மீண்டும் மீட்டினால் சுருதி இறங்கியிருக்கும்.

பெடலை மிதித்தால் நடுக்குடம் மட்டும் திருகிக்கொள்ளாதா?

நேராக நடுவை நோக்கி நிற்கும் கம்பிகள் அந்தத் திருகலை எளிதில் தடுக்காது. 1874-இல் கோவென்ட்ரியின் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைச் சாய்த்து, ஒன்றின் குறுக்கே ஒன்றாகக் கோத்தார். மிதிக்கும் விசை கம்பி வழியே இழுவையாக விளிம்புக்குப் போனது. இன்றைய சைக்கிள்களின் பின்சக்கரங்கள் பெரும்பாலும் இந்தக் கோப்பில்தான் ஓடுகின்றன.