வயலில் ஒரு பெட்டி: மீத்தேன் கணக்கு விவசாயிக்கு எதற்கு?

நெல் வயலில் இருந்து மீத்தேன் வாயு வருகிறது, அது பூமியைச் சூடாக்குகிறது என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். எவ்வளவு வருகிறது, யார் அளந்தார்கள் என்பதுதான் விவசாயி கேட்க வேண்டிய கேள்வி. ஏனென்றால், நம் மண்ணில் அளக்காமல் போட்ட கணக்கு ஒருமுறை நம் தலையில் ஒன்பது மடங்கு பழியை ஏற்றியது.

இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. வெளிநாடுகளில் சில வயல்களில் எடுத்த அளவை நம் நெல் பரப்போடு பெருக்கிப் பார்த்த கணக்கு அது. நம் பரப்பில் கணிசமான பகுதி மானாவாரி. அங்கே பருவம் முழுக்கத் தண்ணீர் நிற்பதில்லை. 1991-ல் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்னின்று, நாட்டின் பல பகுதிகளில் வயலிலேயே அளக்க ஏற்பாடு செய்தது. கிடைத்த எண் ஏறக்குறைய 40 லட்சம் டன்.

பெட்டி எப்படி அளக்கிறது?

முதலில் வயலில் ஓர் அலுமினியச் சட்டத்தைப் பதிக்கிறார்கள். அதன் விளிம்புப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்தால் காற்று கசியாது. பெட்டிக்குள் நெற்குத்தும் இருக்க வேண்டும். வயல் மீத்தேனில் பெரும்பகுதி பயிரின் தண்டுக்குள் உள்ள காற்றறைகள் வழியாகத்தான் மேலேறுகிறது. மூடியவுடன் ஒன்று, அரை மணியில் ஒன்று, ஒரு மணியில் ஒன்று என்று சிரிஞ்சில் காற்றை எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். மீத்தேன் கூடும் வேகத்தை வைத்து, ஒரு சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லிகிராம் வெளியாகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

அளப்பவர் சேற்றில் கால் வைத்தால் அடியில் அடைபட்ட வாயு குமிழ்விட்டு அளவு பொய்யாகிவிடும். பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் எடுக்க வேண்டும். ஒருநாள் அளவும் போதாது. நடவு முதல் அறுவடை வரை வாரம் ஒருமுறையாவது அளக்க வேண்டும். உரமிட்ட பின்பும், வயல் காயும்போதும் இன்னும் நெருக்கமாக அளக்க வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

தண்ணீர் தேங்கிக் காற்றோட்டம் இல்லாத மண்ணில்தான் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். இடையிடையே காயவிட்டால் அவை அடங்கும். தொடர்ந்து நீர் நிறுத்திய வயலோடு ஒப்பிட்டால், பருவத்தில் ஒருமுறை நீரை வடிக்கும் வயலில் 29 சதவீதமும், பலமுறை காயவிடும் வயலில் 45 சதவீதமும் மீத்தேன் குறைவதாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2019-ல் கணக்கிட்டது. இது உலகச் சராசரி. நம் வயலின் அளவு இதிலிருந்து மாறலாம்.

இதற்கு ஓர் அடி நீள பிவிசி குழாய் போதும். அதன் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் வயலில் 5 செ.மீ. நீர் நிற்கப் பாய்ச்சுங்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

வைக்கோலையும் கவனியுங்கள். அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலை, நீர் கட்டி உழும்போது மடக்கினால் மீத்தேன் கூடும். ஒரு மாதத்துக்கு முன்பே மடக்கி உழுதாலோ, மட்கவைத்து இட்டாலோ அந்தக் கூடுதல் பெருமளவு குறையும்.

மறந்துவிடும் மறுபாதி

காய்ந்து நனையும் மண்ணில், இட்ட தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கிறது. அளவு சிறிது, சூடேற்றும் திறன் பெரிது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்குச் சமம். எனவே மீத்தேனை மட்டும் அளப்பது பாதிக் கணக்குதான். யூரியாவைப் பிரித்து, இலை வண்ண அட்டை பார்த்து இட்டால் இந்த இழப்பு குறையும். உரச் செலவும் மிச்சம்.

கையெழுத்துக்கு முன்

மீத்தேனைக் குறைத்தால் கார்பன் சான்றுக்குப் பணம் என்று ஒப்பந்தத்தோடு வருபவர்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் வயலில் இதுவரை எப்படி நீர் பாய்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள்? எங்கள் பகுதியில் பெட்டி வைத்து அளந்தீர்களா, சராசரி எண்ணா? நைட்ரஸ் ஆக்சைடைக் கழித்தீர்களா? பணத்தில் என் பங்கு எவ்வளவு, எப்போது?

முதல் கேள்வி மிக முக்கியம். கடைமடையில் முறைப்பாசனத்தால் ஏற்கெனவே காயும் வயலை, எப்போதும் நீர் நின்ற வயல் என்று எழுதினால் குறைந்ததாகக் காட்டும் கணக்கு பொய். அப்படிப்பட்ட சான்று நிலைக்காது. சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை, ஆய்வுக்குப் பின் 2024-ல் வெரா என்ற சான்று அமைப்பே தள்ளுபடி செய்திருக்கிறது.

பெட்டி ஒவ்வொரு வயலுக்கும் வராது. ஆனால் ஒரு நோட்டு எல்லோரிடமும் இருக்கலாம். நீர் பாய்ச்சிய தேதி, குழாயில் நீர்மட்டம், உரமிட்ட தேதியும் அளவும், வைக்கோல் மடக்கிய நாள், மகசூல் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். விரிவாக்க அலுவலர்கள் வயலுக்கு வரும்போது அதைக் கேட்டுப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் ஆய்வு நிலையம் அளந்த எண்ணோடு இந்த நோட்டு சேர்ந்தால்தான் நம் வயலின் கணக்கை நாமே சொல்ல முடியும்.