ஓரத்தில் நின்றால் தெரியும் மண்டையோடு

லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு பெரிய ஓவியத்தின் முன்னே பார்வையாளர்கள் விசித்திரமாக நடந்துகொள்வார்கள். கொஞ்ச நேரம் நடுவில் நின்று பார்த்துவிட்டு, வலது ஓரத்துக்கு நகர்ந்து, சுவரை ஒட்டித் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்போது அவர்கள் கண்ணுக்கு ஒரு மண்டையோடு புலப்படும். நடுவில் நின்றபோதும் அது அவர்கள் எதிரில்தான் இருந்தது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை.

ஓவியத்தின் பெயர் ‘தூதர்கள்’. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்து, இங்கிலாந்தில் புகழ்பெற்ற இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்தது. பத்து ஓக் மரப் பலகைகளைச் சேர்த்து அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். உயரம் 207 செ.மீ., அகலம் 209.5 செ.மீ. ஏறத்தாழ ஏழடிச் சதுரம் என்பதால், அதிலுள்ள இரண்டு மனிதர்களும் கிட்டத்தட்ட ஆளுயரத்தில் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள்.

இடப்பக்கம் நிற்பவர் ஷான் த தேன்வில், இங்கிலாந்துக்கான பிரெஞ்சுத் தூதர். வலப்பக்கம் நிற்பவர் அவருடைய நண்பர் ஜார்ஜ் த செல்வ், லவோர் மறைமாவட்டத்தின் ஆயர். இவர்கள் யார் என்பதை மேரி ஹெர்வி என்ற ஆய்வாளர் 1900இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஓவியத்துக்குள்ளேயே அதற்குச் சான்று இருக்கிறது. கீழ்த்தட்டில் உள்ள பூகோள உருண்டையில், தேன்விலின் மாளிகை இருந்த பொலிசி என்ற சிற்றூரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பாரிஸுக்கு நிகராக ஒரு சிற்றூரை உலக உருண்டையில் எழுதினால் அது யாருடைய ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை!

இருவருக்கும் நடுவே இரண்டு தட்டுகள் கொண்ட மேசை. மேல்தட்டில் வானத்தை அளக்கும் கருவிகள்: விண்மீன் உருண்டை, கோணமானி, சூரியக் கடிகாரங்கள். கீழ்த்தட்டில் மண்ணுலகப் பொருள்கள்: பூகோள உருண்டை, கணக்குப் புத்தகம், பாட்டுப் புத்தகம், குழல்கள், லூட் என்ற நரம்பிசைக் கருவி. அந்தக் காலத்தில் ஒரு படித்த மனிதர் கற்றிருக்க வேண்டிய கலைகள் அனைத்தும் அந்த மேசைமேல் இருக்கின்றன. ஒவ்வொரு பொருளும் தொட்டு எடுக்கலாம் என்கிற அளவுக்குத் துல்லியம்.

அந்தத் துல்லியத்துக்கு நடுவே, இருவரின் காலடியில், தரைக்குமேல் சாய்வாக ஒரு வெளிறிய நீள்வடிவம் மிதக்கிறது. இடது கீழிலிருந்து வலது மேலாக, படத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதிக்கு நீண்டு கிடக்கிறது. நேரே பார்த்தால் யாரோ வண்ணத்தைத் துணியால் இழுத்துத் துடைத்த கறைபோல இருக்கும். வலது ஓரத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால் அதுதான் கண்குழிகளும் பல்வரிசையும் கொண்ட மண்டையோடு.

இந்த உத்திக்கு அனமார்ஃபோசிஸ் என்று பெயர். தமிழில் ‘கோணமறை ஓவியம்’ எனலாம்: ஒரே ஒரு கோணத்தில் மட்டும் உருவம் சரியாகத் தெரியும்படி, மற்ற எல்லாக் கோணங்களிலும் சிதைந்து தெரியும்படி வரைவது. இதை நாம் கிரிக்கெட் ஒளிபரப்பில் அடிக்கடி பார்க்கிறோம். விக்கெட்டுக்குப் பின்னால் பலகைபோல நிமிர்ந்து நிற்கும் விளம்பரம் உண்மையில் புல்லின்மேல் படுத்துக் கிடப்பது. ஒரு கேமராவின் கோணத்துக்கென்று நீட்டி வரையப்பட்டது அது. அந்தக் கேமரா இருக்கும் இடம்தான் ஹோல்பைனின் ஓவியத்தில் வலது ஓரம்.

இதிலுள்ள கணக்கு அழகானது. ஒரு பரப்பைப் பத்து டிகிரிச் சாய்வில் பார்த்தால், பார்க்கும் திசையில் அதன் நீளம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும். அப்படியானால் உருவத்தை ஆறு மடங்கு இழுத்து வரைந்தால் போதும் என்று தோன்றும். போதாது. படத்தின் ஒரு முனை கண்ணுக்கு அருகில் இருக்கிறது, மறுமுனை தள்ளி இருக்கிறது. தள்ளியிருப்பது இன்னும் அதிகமாகச் சுருங்கும். உங்கள் கண் ஓவியத்தின் தளத்திலிருந்து 20 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்வையின் சாய்வு பத்து டிகிரியிலிருந்து ஒன்பது டிகிரிக்குக் குறையும்போது, அந்த ஒரு டிகிரிக்குள் அடங்கும் பலகையின் நீளம் 13 செ.மீ. ஏழிலிருந்து ஆறு டிகிரிக்குக் குறையும்போது அதே ஒரு டிகிரிக்குள் 27 செ.மீ. அடங்கிவிடும். ஆக, தொலைவில் இருக்கும் பகுதியை இரு மடங்குக்கும் மேலாக இழுக்க வேண்டும். அகலமும் அதற்கேற்ப விரிய வேண்டும். நெற்றியில் ஓர் அளவு, தாடையில் ஓர் அளவு, இடையில் படிப்படியான மாற்றம். கணினி இல்லாத காலத்தில், நிழலும் ஒளியும் குழையாமல் இதைச் செய்து முடித்த கையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இதற்கான சிந்தனை அப்போதே ஐரோப்பாவில் விளைந்திருந்தது. கோணமறை ஓவியத்தின் தொடக்ககால முயற்சிகள் லியொனார்தோ டா வின்சியின் குறிப்பேட்டில் உள்ளன. ஆல்பிரெஷ்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட வடிவியல் நூலில் ஒரு மரச்செதுக்குப் படம் வருகிறது. சுவரில் அடித்த கொக்கியிலிருந்து ஒரு நூல் புறப்பட்டு, ஒரு மரச்சட்டத்தைக் கடந்து, மேசையில் உள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியையும் தொடுகிறது. கொக்கிதான் கண், நூல்தான் ஒளிக்கதிர். நூல் சட்டத்தைக் கடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டே போனால் பொருளின் தோற்றம் தானாக உருவாகிவிடும். டியூரர் அந்த மேசைமேல் வைத்த பொருள் ஒரு லூட். ஹோல்பைனின் மேசையிலும் லூட் இருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் அதைக் கண்டதுமே டியூரரின் படத்தை நினைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சரி, நேரே நிற்கும்போது நம் மூளை ஏன் ஏமாறுகிறது? முகத்தை அடையாளம் காண்பதற்கென்றே மூளையின் அடிப்புறத்தில் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு முகம் எதிரே வந்தால், ஏறக்குறைய ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தப் பகுதியின் மின்சலனம் பதிவாகிவிடும். ஆனால் இரு கண்கள், நடுவே மூக்கு, கீழே வாய் என்ற அமைப்பும் அளவு விகிதமும் ஓரளவு பொருந்தினால்தான் அது விழிக்கும். ஆறு மடங்கு இழுத்த கண்குழி அந்தப் பகுதிக்குக் கண்குழியே அல்ல.

மூளை இன்னொரு வேலையும் செய்கிறது. சுவரில் தொங்கும் படத்தைச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் அதிலுள்ள முகம் நசுங்கித் தெரிவதில்லை. பலகை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூளை கணித்து, அந்தச் சுருக்கத்தை நம்மை அறியாமல் சரிசெய்துவிடுகிறது. மண்டையோடு தெரிய வேண்டுமானால் இந்தத் திருத்தம் தோற்க வேண்டும். அதற்குத்தான் சுவரோடு ஒட்டிய அந்தக் கடுமையான சாய்வு. ஒரு கண்ணை மூடினால் பலகையின் சாய்வைக் காட்டிக்கொடுக்கும் இருகண் பார்வையும் போய்விடும், மண்டையோடு பலகையைவிட்டு எழுந்து வந்ததுபோல் நிற்கும்.

இங்கேதான் ஓவியத்தின் பொருளும் கணக்கும் ஒன்றாகின்றன. மண்டையோடு சரியாகத் தெரியும் இடத்தில் நின்றால் தூதர்கள் கீற்றாக நசுங்கிப் போகிறார்கள். பட்டும் மென்மயிர் அங்கியும், உருண்டைகளும் புத்தகங்களும் கோடுகளாகிவிடுகின்றன. தூதர்கள் தெரியும் இடத்தில் மரணம் கறையாகிவிடுகிறது. இரண்டையும் ஒருசேரக் காண ஓர் இடம் கிடையாது. அடையாளச் சின்னங்களால் மரணத்தைச் சொன்ன ஓவியங்கள் ஐரோப்பாவில் ஏராளம். மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவத்தி, வாடிய பூ என்று வைப்பார்கள். அவற்றை நின்ற இடத்திலேயே வாசித்துவிடலாம். ஹோல்பைன் நம்மை நடக்க வைக்கிறார். என் கணிப்பில் இந்த ஓவியத்தின் மேதைமை இதுதான்.

யுர்கிஸ் பால்ட்ருஷைடிஸ் என்ற கலை வரலாற்றாசிரியர் இதை இரண்டு காட்சிகள் கொண்ட நாடகமாகவே வாசித்தார். அறைக்குள் வருபவர் முதலில் தூதர்களின் பெருமிதத்தைக் காண்கிறார். வலப்பக்கக் கதவு வழியாக வெளியேறும்போது திரும்பிப் பார்த்தால் மண்டையோடு மட்டும் நிற்கிறது.

அதைக் கண்டபிறகு திரும்பவும் நடுவில் வந்து நின்றால், முன்பு அலங்காரமாகத் தெரிந்த சிறு விவரங்கள் வேறாகத் தெரியும். தேன்விலின் தொப்பியில் ஒரு சிறிய பதக்கம், அதிலும் மண்டையோடு. அவருடைய கத்தி உறையில் 29 என்று வயது பொறித்திருக்கிறது. செல்வின் முழங்கைக்குக் கீழுள்ள புத்தகத்தில் 25. லூட்டின் ஒரு நரம்பு அறுந்து தொங்குகிறது. கணக்குப் புத்தகம் வகுத்தல் பக்கத்தில் விரிந்திருக்கிறது. பாட்டுப் புத்தகத்தில் இருப்பவை லூதரின் துதிப்பாடல்கள். 1533 என்பது இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ஆன் பொலினை மணந்து, ரோமத் திருச்சபையிடமிருந்து விலகிக்கொண்டிருந்த ஆண்டு. அறுந்த நரம்பும் வகுத்தல் கணக்கும் பிளவுபடும் கிறிஸ்தவ உலகத்தைச் சுட்டுகின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். இடது மேல் மூலையில், பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, ஒரு சிறிய சிலுவையும் இருக்கிறது.

மேல்தட்டில் உள்ள உருளைவடிவச் சூரியக் கடிகாரம் ஒரு தேதியையே சொல்கிறது என்கிறார்கள். ஒரே உயரத்தில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை பயணிப்பதால் இத்தகைய கடிகாரம் எப்போதும் இரண்டு தேதிகளுக்குப் பொருந்தும், ஒன்று ஏறுமுகத்தில், மற்றொன்று இறங்குமுகத்தில். அறிவியல் வரலாற்றாசிரியர் ஜான் நார்த் இதை ஏப்ரல் 11 என்று வாசித்தார். 1533இல் அது புனித வெள்ளி, இயேசு இறந்த நாள். எல்லா ஆய்வாளர்களும் இந்த வாசிப்பை ஏற்பதில்லை. ஆனால் இவ்வளவு நுணுக்கமாக வரைந்த கை கடிகாரத்தை மட்டும் ஏனோதானோவென்று விட்டிருக்குமா என்ற கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஹோல்பைனுக்கு மரணம் புதிய கருப்பொருள் அன்று. ‘மரண நடனம்’ என்ற அவருடைய மரச்செதுக்குத் தொடர் 1538இல் லியோன் நகரில் 41 படங்களோடு வெளியானது. போப்பாண்டவர், பேரரசர், உழவர் எல்லோரையும் எலும்புக்கூடு வந்து அழைக்கிறது. அந்தப் படங்களில் மரணம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் நமக்கு உடனே தெரிந்துவிடும், கதை மாந்தர்களில் பலருக்குத் தெரியாது. ‘தூதர்கள்’ ஓவியத்தில் மரணத்தைக் காணாத அந்த மாந்தர்களின் இடத்தில் நம்மை நிறுத்திவிட்டார்.

1990களில் ஓவியத்தைப் பழுதுபார்த்தபோது மண்டையோட்டின் மூக்கெலும்புப் பகுதி சேதமடைந்திருந்தது. நேஷனல் கேலரியின் வல்லுநர்கள் உண்மையான மண்டையோட்டின் படத்தைக் கணினியில் இழுத்து, அதை வழிகாட்டியாக வைத்து விடுபட்ட பகுதியை நிரப்பினார்கள். அதற்கு நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு கையால் நடந்த வேலைக்குத் துணையாக வர ஒரு கணினி தேவைப்பட்டது.

லண்டன் போக வேண்டியதில்லை. கைபேசியில் இந்த ஓவியத்தைத் திரை நிறையத் திறந்து, திரையின் வலது ஓரம் கண்ணுக்கு அருகே வரும்படி கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடி, மேல் வலமிருந்து கீழ் இடமாகப் பாருங்கள். முதலில் பல்வரிசை பிடிபடாவிட்டால் சாய்வை ஓரிரு டிகிரி மாற்றுங்கள். ஹோல்பைன் விட்டுவைத்த இடைவெளி அவ்வளவுதான்.