உதிர்ந்த இலையில் பிழைக்கும் காடு

புல்லை மான் தின்னும், மானைப் புலி தின்னும் என்றுதான் பள்ளியில் உணவுச் சங்கிலியைச் சொல்லித் தருகிறார்கள். பிச்சாவரத்தில் இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் கிடக்கும் இந்த அலையாத்திக் காட்டில், பச்சை இலையைத் தின்னும் உயிர்கள் குறைவு. இங்குள்ள சுரபுன்னை மரத்தின் இலை தடித்தது, துவர்ப்பு மிகுந்தது. பெரும்பாலான இலைகள் மரத்திலேயே பழுத்துக் கழியில் உதிர்கின்றன. காட்டின் சமையல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1960களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையோர அலையாத்திக் காட்டில் எரிக் ஹீல்ட், வில்லியம் ஓடம் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். மரத்தில் இருக்கும்போதே பூச்சிகள் தின்றது மொத்த இலையில் சுமார் 5 சதவீதம்தான். மீதி கீழே விழுந்தது. விழுந்த இலையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் படிகின்றன. மாதங்கள் செல்லச் செல்ல இலை துணுக்குகளாக நொறுங்குகிறது. ஆனால் அதன் மேல் வளர்ந்த நுண்ணுயிர்களால் அதிலுள்ள புரதத்தின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. இறால் குஞ்சும் மடவையும் தேடி வருவது இந்தத் துணுக்குகளைத்தான். இறாலையும் மடவையையும் கொடுவா மீன் பிடிக்கும். மீனை நீர்க்காகம் பிடிக்கும். பிச்சாவரத்தில் இருளர் மக்கள் சேற்றைக் கையால் துழாவிப் பிடிக்கும் இறாலின் சதையிலும் என்றோ உதிர்ந்த ஓர் இலையின் பங்கு இருக்கும்.

நண்டு இல்லாவிட்டால் இத்தனையும் தடுமாறும். விழுந்த இலையைக் கடலின் ஓதம் அடித்துப் போவதற்குள் நண்டுகள் அதை வளைக்குள் இழுத்துக்கொள்கின்றன. அதைவிடப் பெரிய வேலை அவை தோண்டும் வளை. ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத சேற்றுக்குள் காற்றும் நீரும் அதன் வழியேதான் இறங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஸ்மித் குழுவினர் காட்டின் சில பகுதிகளிலிருந்து நண்டுகளை அகற்றிப் பார்த்தார்கள். மண்ணில் சல்ஃபைடு கூடியது, மரங்களின் வளர்ச்சி குறைந்தது. 1991இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, நண்டை வெறும் ‘நுகர்வோர்’ என்ற கட்டத்தில் அடைத்துவிடுவது எளிதல்ல.

மரமும் சும்மா நிற்பதில்லை. வெண்கண்டல் சேற்றுக்கு மேல் மூச்சுவேர்களை நீட்டுகிறது, உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது.

ஆனால் இவை அத்தனைக்கும் அடியில் இருப்பது ஓதம். அது தினமும் வந்து போக வேண்டும். பிச்சாவரம் இதைப் பட்டுத்தான் கற்றது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கிய முறைப்படி, காட்டைப் பகுதி பகுதியாக ஒட்ட வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்று எண்ணினார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து இறுகி, நடுவில் பள்ளமாக அமிழ்ந்தது. ஓதத்தில் ஏறிய நீர் பள்ளத்திலேயே தங்கி வற்றியது. உப்பு ஏறிக்கொண்டே போனது. விதை விழுந்தும் முளைக்கவில்லை. மரம் நின்ற இடத்தில் உமரிச் செடி படர்ந்தது. மேய்ந்த மாடுகள்மீதும் விறகு வெட்டியவர்கள்மீதும் வெகுகாலம் பழி போட்டார்கள். அது பெரும் அநியாயம். கெட்டுப்போயிருந்தது தரையின் அமைப்பு.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும், கரையோரக் கிராமத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு, நாற்று நடுவதற்கு முன் மண்வெட்டியை எடுத்தன. நடுவே பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்து பிரியும் சிறு வாய்க்கால்கள். ஓதம் உள்ளே வந்து திரும்பவும் வெளியேற வழி கிடைத்தது, உப்பு கழுவிப் போனது. பிறகு நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது.

அந்த வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். தூர் வாராமல் விட்டால் பள்ளங்களில் மறுபடி உப்பு தேங்கும். மேட்டூருக்கும் மற்ற அணைகளுக்கும் கீழே கொள்ளிடத்தில் நல்ல தண்ணீர் குறைந்த அளவுக்கு, உப்பைக் கழுவும் வேலையும் ஓதத்தின் தலையிலேயே கூடுதலாக விழுகிறது.